ஆயிரம் டாலருக்குள் ஒரு லேப்டாப்: மேக்கும் பிசியும் விளம்பரத்தில் மோதிய கதை

சிவப்புக் கூந்தல் பெண் ஒருத்தி காரை ஓட்டிக்கொண்டே கேமராவிடம் பேசுகிறாள். பெயர் லாரன். அவளுக்கு வேண்டியது 17 அங்குலத் திரை, நல்ல வேகம், வசதியான கீபோர்டு. விலை ஆயிரம் டாலரைத் தாண்டக் கூடாது. அப்படி ஒரு லேப்டாப்பைக் கண்டுபிடித்தால் காசு நாங்கள் தருகிறோம், லேப்டாப்பை நீயே வைத்துக்கொள் என்பது ஏற்பாடு. முதலில் ஆப்பிள் கடைக்குள் போகிறாள். போன வேகத்தில் வெளியே வருகிறாள். ஆயிரத்துக்குள் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் 13 அங்குலம். கேட்டது கிடைக்க வேண்டுமென்றால் பட்ஜெட்டை இரண்டு மடங்காக்க வேண்டும். காரில் ஏறி உட்கார்ந்து, "மேக் வாங்குகிற அளவுக்கு நான் கெத்தான ஆள் இல்லை போலிருக்கு" என்கிறாள். அப்புறம் பெஸ்ட் பை கடை. அங்கே 699 டாலருக்கு எச்பி பெவிலியன் ஒன்று மாட்டுகிறது. துள்ளிக் குதிக்கிறாள். "நான் ஒரு பிசி" என்று படம் முடிகிறது.

2009 மார்ச் 26 அன்று வெளிவந்த இந்த ஒரு நிமிட விளம்பரத்துக்குக் காசு கொடுத்தது மைக்ரோசாஃப்ட். மேக் என்பது ஆப்பிளின் கம்ப்யூட்டர், பிசி என்பது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஓடும் மற்றக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர். ஆனால் விண்டோஸின் அருமை பெருமை எதுவும் இதில் இல்லை. வாங்கப்பட்ட பொருள் வேறொரு கம்பெனியுடையது. வாங்கிய கடையும் வேறொருவருடையது. மைக்ரோசாஃப்ட் சொந்தமாகச் சொன்னது ஒரே விஷயம்: எதிர்க்கடையில் விலை கட்டுப்படியாகாது.

மூன்று வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்த பதிலடி இது. போட்டியாளரை விளம்பரத்தில் குத்துவதற்குப் பழைய வழிகள் இரண்டு. "அவன் பொருள் விலை அதிகம்" என்பது ஒன்று. "அதை வைத்திருக்கிற ஆளைப் பார், எப்படி இருக்கிறான்" என்பது இன்னொன்று. 2006 முதல் 2009 வரை ஆப்பிள் இரண்டாவதையும் மைக்ரோசாஃப்ட் கடைசியில் முதலாவதையும் எடுத்துக்கொண்டு மோதின. இரண்டு தரப்புக்குமே முதலீடு எதிராளியின் குறைதான். எதிராளி அந்தக் குறையைச் சரிசெய்ததும் விளம்பரத்துக்குச் சரக்கு தீர்ந்துபோனது. இந்த ஆய்வில் நான் பின்தொடர்வது அந்த ஓட்டத்தைத்தான்.

பழைய கணக்கு

வம்புக்கு இழுப்பது ஆப்பிளுக்குப் புதிதில்லை. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது, "வருக, ஐபிஎம். நிஜமாகத்தான் சொல்கிறோம்" என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் விளம்பரம் போட்டு வரவேற்ற கம்பெனி அது. 1984 ஜனவரி 22 அன்று அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலின் நடுவே ரிட்லி ஸ்காட் இயக்கிய விளம்பரத்தில், சுத்தியலோடு ஒரு பெண்ணை ஓடவிட்டு, பெயர் சொல்லாமலே ஐபிஎம்மைச் சர்வாதிகாரி ஆக்கியது. அதில் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரையே காட்டவில்லை. அதன் விலை 2,495 டாலர் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுத்தியல் எறிந்த பெண்ணைப் பார்த்துப் பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் விலைச் சண்டை நடந்துகொண்டிருந்தது. கொமடோர் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் நிறுவனர் ஜாக் டிராமியெல் "கிளாஸுக்கு இல்லை, மாஸுக்கு" என்று சொல்லிவந்தவர். நம்மூர் சினிமாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1982இல் 595 டாலருக்கு வந்த கொமடோர் 64-இன் விலையைக் குறைத்துக் குறைத்து அவர் அடித்த அடியில், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1983 அக்டோபரில் வீட்டுக் கம்ப்யூட்டர் தொழிலையே விட்டு வெளியேறியது. விலையால் ஒரு எதிராளியைச் சாய்க்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் டிராமியெல் தன் கம்பெனியின் பொருளுக்கு, தன் தொழிற்சாலைச் செலவை வைத்து விலை குறைத்தார். 2009இல் மைக்ரோசாஃப்டுக்கு அந்த வசதி கிடையாது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெள்ளைச் சுவருக்கு முன்னால் இரண்டு பேர்

2006 மே மாதம் ஆப்பிளின் "கெட் எ மேக்" வரிசை தொடங்கியது. தயாரித்தது டிபிடபிள்யூஏ மீடியா ஆர்ட்ஸ் லேப் என்ற விளம்பர நிறுவனம், இயக்கம் ஃபில் மோரிசன். பின்னணியில் வெறும் வெள்ளை. இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ஜீன்ஸ், கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அலட்டாமல் நிற்கும் ஜஸ்டின் லாங். இன்னொருவர் கண்ணாடி, கோட்டு சூட்டு, கொஞ்சம் தொப்பை, எப்போதும் பதற்றத்தில் இருக்கும் ஜான் ஹாட்ஜ்மன். "ஹலோ, நான் ஒரு மேக்." "நான் ஒரு பிசி." இதுதான் முதல் வரி, ஒவ்வொரு தடவையும்.

அப்புறம் பிசி தும்முகிறார். அவருக்கு வைரஸ் பிடித்திருக்கிறது. மேக் டிஷ்யூ கொடுக்கிறார். "கிட்ட வராதே, இந்த வைரஸ் மோசம்" என்கிறார் பிசி. "எனக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார் மேக். பிசிக்குத் தெரிந்த வைரஸ்கள் மட்டும் 1,14,000 என்று ஒரு கணக்கும் வருகிறது. இன்னொரு படத்தில் பேசிக்கொண்டே இருக்கும்போது பிசி அப்படியே உறைந்து நின்று, பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். ரீஸ்டார்ட் ஆகிவிட்டதாம். 66 படங்கள், மூன்றரை வருஷம், எல்லாமே கிட்டத்தட்ட இந்த மாதிரி.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியவை. முதலாவது, எதிராளிக்கு வைத்த பெயர். டெல், எச்பி, சோனி, மைக்ரோசாஃப்ட் என்று யாரையும் நேராகக் கைநீட்டாமல் "பிசி" என்று ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். பிசி என்பதற்குச் சொந்தக்காரர் கிடையாது, அதனால் பதில் சொல்ல வேண்டியது யார் பொறுப்பு என்றே புரியாது. டெல் பதில் சொன்னால் எச்பிக்கும் சேர்த்துப் பேச வேண்டும். மைக்ரோசாஃப்டை மொத்தமாகப் பகைத்துக்கொள்ளவும் ஆப்பிளால் முடியாது, மேக்கில் ஓடும் ஆஃபீஸ் மென்பொருளை எழுதுவதே அவர்கள்தான். 2008 தொடக்கத்தில் வந்த ஒரு படத்தில், மேக்குக்கான புதிய ஆஃபீஸ் வந்துவிட்டதே என்று பிசி வயிறெரிகிறார். எதிராளியின் பொருளையே தன் விளம்பரத்தில் விற்றுக்கொடுத்த அழகு!

இரண்டாவது, சிரிப்பு யாருக்கு என்பது. நல்ல வசனமெல்லாம் பிசிக்குத்தான். மேக்குக்கு அனுதாபத்தோடு தலையாட்டுகிற வேலை மட்டும். எதிராளியை வில்லனாக்காமல் பாவப்பட்ட மனுஷனாக்கியதால் பார்க்கிறவர்களுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, இரக்கம் வந்தது. இரக்கப்படுகிற ஆளின் பொருளை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. என்னைக் கேட்டால் இந்த வரிசையின் நிஜமான தந்திரம் இதுதான். வைரஸ் கணக்கெல்லாம் தொட்டுக்கொள்ளத்தான்.

இதில் ஆபத்தும் உண்டு. மேக் கொஞ்சம் அதிகமாகப் புன்னகைத்தாலே தலைக்கனம் பிடித்தவனாகத் தெரிவான். 2007இல் பிரிட்டனில் டேவிட் மிட்செல் பிசியாகவும் ராபர்ட் வெப் மேக்காகவும் நடித்தபோது அதுதான் நடந்தது. அந்த ஊரில் ஏற்கெனவே பிரபலமான ஜோடி அவர்கள். மிட்செலின் அசட்டுத்தனம்தான் மக்களுக்குப் பிடித்தது, வெப்பின் மேக் எரிச்சலூட்டுவதாகப் பத்திரிகைகளில் எழுதினார்கள். ஜப்பானில் சிக்கல் வேறு. அமெரிக்காவில் போட்டியாளரைப் பெயர் சொல்லி ஒப்பிடுவது உண்மையாக இருக்கும் வரை நுகர்வோருக்கு நல்லதுதான் என்று கூட்டாட்சி வணிக ஆணையமே 1979இல் அறிக்கை விட்டிருக்கிறது. ஜப்பானில் அடுத்தவரை மட்டம் தட்டிப் பேசுவது நாகரிகக் குறைவு. அங்கே ராமென்ஸ் என்ற நகைச்சுவை ஜோடியைப் போட்டு, மேக்கை ஓய்வுநாள் ஆளாகவும் பிசியை ஆபீஸ் ஆளாகவும் பிரித்துக் காட்டிக் குத்தலைக் குறைத்துக்கொண்டார்கள்.

சரி, விலை? 66 படங்களில் மேக்கின் விலையைச் சொல்லி விற்ற படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வதும் விளம்பரத்தின் வேலைதான். ஆனால் 2006 ஜனவரியில் ஆப்பிளே தனக்கு ஒரு பொறி வைத்துக்கொண்டிருந்தது. அந்த மாதம் மேக் இன்டெல் சிப்புக்கு மாறியது. அதுவரை மேக்கும் பிசியும் வேறு வேறு சிப்புகள், ஒன்றுக்கொன்று ஒப்பிட முடியாது. இப்போது இரண்டுக்குள்ளும் ஒரே இன்டெல். ஏப்ரலில் பூட் கேம்ப் என்ற ஆப்பிள் மென்பொருள் வந்ததும் மேக்கிலேயே விண்டோஸை ஏற்றலாம் என்றாகிவிட்டது. உள்ளே ஒரே சரக்கு என்றால், வெளியே ஏன் இவ்வளவு விலை? இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க மைக்ரோசாஃப்டுக்கு மூன்று வருஷம் ஆனது.

விஸ்டா எடுத்துக்கொடுத்த பாட்டு

மூன்று வருஷம் ஆனதற்குக் காரணம் விஸ்டா, விண்டோஸின் அப்போதைய புதிய பதிப்பு. 2007 ஜனவரி 30 அன்று கடைக்கு வந்தது. எதைத் தொட்டாலும் "அனுமதிக்கவா, ரத்து செய்யவா" என்று கேட்கும் ஒரு பாதுகாப்பு வசதி அதில் இருந்தது. ஆப்பிளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒரு படத்தில் பிசிக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட பாதுகாவலர் ஒருவர் நிற்கிறார். மேக் ஹலோ சொன்னதும் பாதுகாவலர் குறுக்கே புகுந்து, "மேக் உங்களுக்கு வணக்கம் சொல்கிறது. ரத்தா, அனுமதியா?" என்கிறார். பிசி அலுப்போடு "அனுமதி" என்கிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இதே கதை. விஸ்டா வைத்திருந்தவர்களுக்கு இதில் மிகை எதுவும் தெரியவில்லை, தங்கள் வீட்டில் நடப்பதை அப்படியே பார்த்தார்கள்.

பில் கேட்ஸுக்கு இந்த விளம்பரங்கள் எவ்வளவு எரிச்சல் என்பது விஸ்டா வெளியீட்டையொட்டி நியூஸ்வீக்குக்கு அவர் கொடுத்த பேட்டியிலேயே தெரிந்தது. ஆனால் அவருடைய ஆட்களே என்ன நினைத்தார்கள் என்பது நீதிமன்றம் வழியாக வெளியே வந்தது. விண்டோஸ் பொறுப்பில் இருந்த ஜிம் ஆல்சின் 2004இல் கேட்ஸுக்கும் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மருக்கும் எழுதிய மின்னஞ்சலில், தான் மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்காமல் இருந்தால் இன்றைக்கு மேக்தான் வாங்குவேன் என்று எழுதியிருந்தார். "விஸ்டாவுக்குத் தயார்" என்று பொருள்படும் ஸ்டிக்கர் ஒட்டி விற்ற கம்ப்யூட்டர்களில் விஸ்டா ஒழுங்காக ஓடவில்லை என்று தொடுக்கப்பட்ட வழக்கில் வெளியான இன்னொரு மின்னஞ்சலில், மைக் நாஷ் என்ற மூத்த அதிகாரி, தான் வாங்கிய லேப்டாப் இப்போது 2,100 டாலருக்கு ஒரு மின்னஞ்சல் மெஷின் என்று நொந்துகொள்கிறார். இதையெல்லாம் விளம்பர நிறுவனம் உட்கார்ந்து எழுதினாலும் இவ்வளவு நன்றாக வராது.

300 மில்லியன் டாலரும் ஒரு செருப்புக்கடையும்

2008 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஒரு சோதனை செய்தது. விஸ்டாவைத் திட்டுபவர்களைக் கூப்பிட்டு, "இது மொஹாவி, எங்கள் அடுத்த தயாரிப்பு" என்று சொல்லி விஸ்டாவையே காட்டினார்கள். பார்த்தவர்கள் பிரமாதம் என்றார்கள். பிறகு உண்மையைச் சொன்னார்கள். யோசனை கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இதன் உள்ளர்த்தம் "எங்கள் பொருளைப் பற்றி நீங்கள் நினைப்பது தவறு" என்பது. வாடிக்கையாளரிடம் "தப்பு உன்மேல்" என்று சொல்லி எதையும் விற்க முடியாது.

செப்டம்பரில் கிரிஸ்பின் போர்ட்டர் பொகஸ்கி என்ற விளம்பர நிறுவனத்தை வைத்து 300 மில்லியன் டாலர் பிரசாரம் தொடங்கியது. முதல் படத்தில் நகைச்சுவை நடிகர் ஜெரி சைன்ஃபெல்டும் பில் கேட்ஸும் ஒரு மலிவுவிலைச் செருப்புக்கடையில் ஷூ போட்டுப் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் எங்கே என்று பார்த்தவர்கள் தேடினார்கள். அடுத்த படத்தில் இருவரும் ஒரு சாதாரணக் குடும்பத்தோடு தங்குகிறார்கள். இரண்டு வாரத்தில் சைன்ஃபெல்டை ஓரம் கட்டிவிட்டார்கள்.

செப்டம்பர் 18 அன்று வந்தது "நான் ஒரு பிசி". ஹாட்ஜ்மன் மாதிரியே தோற்றமும் உடையும் கொண்ட நிஜமான மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவர் கேமராவைப் பார்த்து, "ஹலோ, நான் ஒரு பிசி. என்னை ஒரு அச்சில் வார்த்து வைத்துவிட்டார்கள்" என்கிறார். பின்னாலேயே பல நாடு, பல தொழில், பல வயது மனிதர்கள் "நான் ஒரு பிசி" என்று வரிசையாக வருகிறார்கள். முதல் தடவையாக மைக்ரோசாஃப்ட் அந்த அனாதைப் பெயருக்கு உரிமை கொண்டாடியது. நல்ல அடி அது. வசவை எடுத்துப் பட்டமாக மாட்டிக்கொள்வதுபோல.

ஆனால் இந்தப் பிரசாரத்துக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட புகைப்படக் கோப்புகளுக்குள் பதிவாகியிருந்த விவரங்களை யாரோ ஒருவர் திறந்து பார்த்தார். படங்கள் மேக்கில் ஓடும் அடோபி மென்பொருளில் தயாரானவை. சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது.

ஆப்பிள் அடுத்த மாதமே பதில் கொடுத்தது. பிசி ஒரு மேசையில் பணக்கட்டுகளைப் பங்கு பிரிக்கிறார். "விளம்பரம், விளம்பரம், விளம்பரம், விஸ்டா பழுது. விளம்பரம், விளம்பரம்..." ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் சின்னக் குவியல். "இவ்வளவு பணத்தில் விஸ்டாவைச் சரிசெய்ய முடியுமா?" என்று மேக் கேட்கிறார். பிசி யோசித்துவிட்டு, "நீ சொல்வதும் சரிதான்" என்று அந்தச் சின்னக் குவியலையும் விளம்பரத்தோடு சேர்த்துவிடுகிறார். விளம்பரத்தின் பட்ஜெட்டே எதிராளியின் விளம்பரத்துக்குக் கதையானது.

பிம்பத்தில் அடி வாங்கியவன் பிம்பத்தாலேயே பதில் சொல்லப் போனதுதான் இந்த ஆறு மாதத்தின் தவறு. "நான் அப்படிப்பட்டவன் இல்லை" என்று எத்தனை அழகாகச் சொன்னாலும், அப்படிச் சொல்லப்பட்டவன் என்பதையும் கூடவே நினைவூட்டுகிறோம்.

பேச்சு விலைக்குத் திரும்பியது

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்தது. அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவில் வேலைபோனவர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். மைக்ரோசாஃப்டே 2009 ஜனவரியில் 5,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2008 அக்டோபரில், ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் முதலீட்டாளர்களிடம், 500 டாலருக்குக் குப்பையாக இல்லாத ஒரு கம்ப்யூட்டரைச் செய்ய எங்களுக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தார். நல்ல காலத்தில் இது கெத்து. வேலை போன நேரத்தில் கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கும். 2009 மார்ச்சில் பால்மர் நேராகவே போட்டு உடைத்தார்: இந்தப் பொருளாதாரத்தில், அதே வன்பொருளுக்கு, ஒரு லோகோவுக்காக 500 டாலர் கூடுதலாக யார் கொடுப்பார்கள்? "அதே வன்பொருள்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். 2006இல் ஆப்பிள் வைத்துக்கொண்ட பொறி இங்கே வாய் மூடியது.

ஒரு வாரத்தில் லாரன் வந்தாள். "லேப்டாப் ஹன்ட்டர்ஸ்" வரிசையின் முதல் படம். விலை விளம்பரம் என்று இதைச் சொன்னாலும், இதன் கூர்மை அந்தக் காருக்குள் சொன்ன ஒரு வரியில்தான். "நான் அவ்வளவு கெத்தான ஆள் இல்லை." மூன்று வருஷமாக ஆப்பிள் கட்டிய பிம்பத்தை மறுக்கவே இல்லை. ஆமாம் மேக் கெத்துதான் என்று ஒப்புக்கொண்டு, அந்தக் கெத்துக்கு விலைச்சீட்டு ஒட்டிவிட்டது. அதுவரை பெருமையாக இருந்தது சட்டென்று பந்தாவாகத் தெரிந்தது. அடுத்த படத்தில் ஜாம்பவ்லோ என்ற இளைஞன் வெளிப்படையாகவே சொன்னான்: பிராண்டுக்குக் காசு கொடுக்க விருப்பமில்லை, கம்ப்யூட்டருக்குத்தான் கொடுப்பேன்.

கேள்வியை அமைத்த விதத்தில் ஒரு சூழ்ச்சி உண்டு. ஏன் 17 அங்குலம்? ஆப்பிளிடம் அந்த அளவில் இருந்தது ஒரே மாடல், 2,799 டாலர். 13 அங்குலத்தில் வெள்ளை மேக்புக் 999 டாலர். அந்த அளவில் ஒப்பிட்டிருந்தால் இடைவெளி இவ்வளவு வாயைப் பிளக்க வைத்திருக்காது. திரையின் குறுக்களவை மட்டும் எடுத்துக்கொண்டு, எடை, பேட்டரி நேரம், திரையின் துல்லியம் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் 699-க்கும் 2,799-க்கும் ஒப்பீடு நடத்தலாம். அந்த 17 அங்குல மேக்குக்கு எட்டு மணி நேரம் பேட்டரி நிற்கும் என்று ஆப்பிள் சொல்லிக்கொண்டிருந்தது. லாரனின் கேள்வித்தாளில் பேட்டரி இல்லை. ஆப்பிளும் தன் விளம்பரங்களில் மேக்கால் ஆகாததைக் கேள்வித்தாளில் வைத்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் எனக்கு இதில் பெரிய பலவீனமாகத் தெரிவது வேறு. அந்த 699 டாலர் மைக்ரோசாஃப்டுடைய விலை இல்லை. எச்பி வைத்த விலை. எச்பியின் பிசிப் பிரிவு அப்போது நூற்றுக்கு ஐந்து டாலரை ஒட்டித்தான் செயல்பாட்டு லாபம் பார்த்தது. 2009 ஜனவரி–மார்ச் காலாண்டில் ஆப்பிளின் மொத்த லாப விகிதம் 36.4%. மொத்த லாபத்தில் தயாரிப்புச் செலவு மட்டும்தான் கழியும், செயல்பாட்டு லாபத்தில் மற்றச் செலவுகளும் கழியும், இரண்டும் ஒரே கணக்கு இல்லை என்றாலும், யாருக்கு விலை குறைக்க இடம் இருந்தது என்பது தெரியும். அதாவது மைக்ரோசாஃப்ட் அடுத்தவர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த விலையைத் தன் வாளாகச் சுழற்றியது. டிராமியெல் செய்தது தன் வாள். இது இரவல் வாள்.

ஒரு போன் அழைப்பு

ஆப்பிள் முதலில் பழைய பாணியிலேயே பதில் சொன்னது. மே மாதப் படத்தில் மேகன் என்ற பெண் பிசி வாங்க வருகிறாள். வரிசையாகப் பல பிசிக்கள் நிற்கின்றன. பெரிய திரை, வேகமான சிப் என்று அவள் சொல்லச் சொல்லப் பொருந்தாதவை விலகுகின்றன. கடைசியாக, வைரஸ், தலைவலி எதுவும் இல்லாதது வேண்டும் என்கிறாள். மிச்சமிருந்த எல்லாமே நடையைக் கட்டுகின்றன. படம் நன்றாக இருந்தது. ஆனால் லாரனுக்கு விடை இல்லை, பேச்சை மாற்றுவதுதான்.

நிஜமான விடை ஜூன் 8 அன்று வந்தது. அலுமினிய 13 அங்குலத்தின் ஆரம்ப விலை 1,299 டாலரிலிருந்து 1,199 ஆனது. 15 அங்குலம் 1,999-லிருந்து 1,699 ஆனது. 17 அங்குலம் 2,799-லிருந்து 2,499 ஆனது. விளம்பரத்துக்காகத்தான் குறைத்தார்கள் என்று ஆப்பிள் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். புதிய மாடல் வரும்போது விலை மாறுவது வழக்கம்தான். ஆனால் அடுத்து நடந்தது வழக்கமில்லை.

ஜூலையில் நியூ ஆர்லியன்ஸில் மைக்ரோசாஃப்டின் கூட்டாளிகள் மாநாடு. செயல்பாட்டுத் தலைவர் கெவின் டர்னர் மேடையேறினார். வால்மார்ட்டில் வளர்ந்து, அதன் சாம்ஸ் கிளப் பிரிவை நடத்திவிட்டு வந்தவர். விலைச்சண்டை அவருக்குத் தாய்மொழி. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆப்பிளின் சட்டப் பிரிவிலிருந்து போன் வந்ததாம். "நாங்கள் விலையைக் குறைத்துவிட்டோம், அந்த விளம்பரங்களை நிறுத்துங்கள்" என்றார்களாம். என் தொழில் வாழ்க்கையிலேயே வந்த மிகச் சிறந்த போன் அதுதான், நடைகூடத்தில் குட்டிக்கரணம் போட்டேன் என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். ஏதோ நூறு டாலர் குறைத்திருப்பார்கள் என்று ஒரு இளக்காரமும் உண்டு. 15 அங்குலத்திலும் 17 அங்குலத்திலும் குறைந்தது முன்னூறு.

குட்டிக்கரணம் போட்ட அதே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் விளம்பரத்தை வெட்டியது. சட்டம் படிக்கும் இன்னொரு லாரன் தன் அம்மா சூவோடு கடைக்குப் போகும் படம் அது. அதில் மேக் 2,000 டாலர் என்று சொல்லும் வரி இருந்தது. அந்த விலையில் இருந்த மாடல் இப்போது 1,699. வரியை எடுத்துவிட்டு, பிராண்டுக்கு நிறையக் கொடுக்க வேண்டியிருக்கும்போல என்ற பொத்தாம்பொதுவான பேச்சை மட்டும் வைத்தார்கள். எண்ணைத் தூக்கியதும் விளம்பரம் பல் பிடுங்கிய பாம்பாகிவிட்டது. அந்த எண் ஆப்பிளின் கையில் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரு காலை நேரம் போதும். மைக்ரோசாஃப்ட் தன் வாதத்தின் சாவியை எதிராளியின் பாக்கெட்டிலேயே வைத்திருந்தது.

கணக்கு என்ன சொல்கிறது

விளம்பரம் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 18 முதல் 34 வயதுக்காரர்களிடம் "கொடுத்த காசுக்கு எது பிரயோஜனம்" என்று கேட்ட கணிப்புகளில், அந்த வசந்த காலத்தில் ஆப்பிளின் மதிப்பு இறங்கியது, மைக்ரோசாஃப்டின் மதிப்பு ஏறியது. மக்களின் வாயில் விலை என்ற பேச்சைப் போட்டதில் வெற்றிதான்.

கடையில் வேறு கதை. 2009 ஜனவரி முதல் மார்ச் வரை ஆப்பிள் விற்றது 22 லட்சத்துச் சொச்சம் மேக், முந்தைய வருஷத்தைவிட 3% குறைவு. விளம்பரம் முழு வீச்சில் ஓடிய அடுத்த மூன்று மாதத்தில் 26 லட்சம், 4% அதிகம். அதற்கடுத்த காலாண்டில் 30 லட்சத்தைத் தாண்டி 17% அதிகம். 2006 நிதியாண்டில் 53 லட்சமாக இருந்த மேக் விற்பனை 2009 நிதியாண்டில் ஒரு கோடியே 4 லட்சம். அதே ஜூன் மாதம் அமெரிக்கக் கடைகளில் ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள கம்ப்யூட்டர்களில் புரண்ட பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆப்பிளுக்குப் போனது என்று என்பிடி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. இன்னொரு பக்கம், ஜனவரி–மார்ச் காலாண்டில் மைக்ரோசாஃப்டின் வருவாய் 6% குறைந்து 13.65 பில்லியன் டாலரானது. பங்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து முந்தைய வருஷத்தைவிட வருவாய் குறைந்தது அதுதான் முதல் தடவை.

"ஆயிரத்துக்குள் ஒரு லேப்டாப்" என்ற பேச்சு மைக்ரோசாஃப்டின் கூட்டாளிகளை ஆயிரத்துக்குக் கீழேயே உட்கார வைத்தது. மேலே உள்ள மாடி முழுக்க ஆப்பிளுக்குக் காலியாகக் கிடந்தது. இதற்கு விளம்பரம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அந்தப் போக்கு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்தப் போக்குக்கு விளம்பரச் செலவும் செய்தாயிற்று.

சரக்கு தீர்ந்தது

2009 அக்டோபர் 22 அன்று விண்டோஸ் 7 வந்தது. நன்றாக ஓடியது. விளம்பரத்தில் சாதாரண ஆட்கள் வந்து "விண்டோஸ் 7 என் யோசனை" என்றார்கள். முதல் வருஷத்திலேயே 24 கோடி உரிமங்கள் விற்றன. அதே நேரத்தில் ஆப்பிள் ஒரு படம் விட்டது. "விண்டோஸ் 7-இல் பழைய பிரச்சினை எதுவும் இருக்காது, என்னை நம்பு" என்கிறார் பிசி. "இதை ஏற்கெனவே கேட்ட மாதிரி இருக்கிறதே" என்கிறார் மேக். காட்சி பின்னோக்கிப் போகிறது. ஒவ்வொரு பழைய விண்டோஸ் காலத்திலும், அந்தந்தக் காலத்து உடையில், பிசி அதே வாக்குறுதியைத் தருகிறார். அருமையான நகைச்சுவை. ஆனால் படத்தில் விண்டோஸ் 7 மேல் சொல்லக்கூடிய குறை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பழைய பாவங்களை மட்டும்தான் எண்ண முடிந்தது. அதுதான் கடைசிச் சுற்று. 2010 மே மாதம் ஆப்பிள் தன் தளத்திலிருந்து அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டது. ஐபேட் வந்திருந்தது, பேச வேறு விஷயம் இருந்தது.

இரவல் வாளுக்கும் ஒரு முடிவு உண்டு. 2020 நவம்பரில் ஆப்பிள் இன்டெல்லை விட்டுவிட்டுத் தன் எம்1 சிப்போடு மேக்புக் ஏரை வெளியிட்டது, அதே 999 டாலருக்கு. நிகழ்ச்சியின் கடைசியில் கோட்டு சூட்டோடு ஹாட்ஜ்மன் மறுபடி பிசியாக வந்து நின்றார். "அதே வன்பொருள்" என்று சொல்ல இனி வழியில்லை. நொந்துபோனது இன்டெல். 2021 மார்ச்சில் அது பிசிக்காக ஒரு விளம்பர வரிசை எடுத்தது. நடித்தது யார்? பழைய மேக், ஜஸ்டின் லாங். "ஹலோ, நான் ஒரு... ஜஸ்டின்" என்று ஆரம்பித்து, மேக்கில் தொடுதிரை இல்லை, கேம் இல்லை என்று பட்டியல் போட்டார். அதே மாதத்தில் இன்டெல், மெல்லிய லேப்டாப்புகளுக்கு உலகிலேயே சிறந்த சிப் எங்களுடையது என்று இன்னொரு விளம்பரமும் வெளியிட்டது. அதில் ஒருவர் மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் புகைப்படம். பெரிதாக்கிப் பார்த்தார்கள். அவர் முன்னால் இருந்தது மேக்புக் ப்ரோ.